சூனியக்காரிகளைப் பற்றிய மாயக் காதல் நாவல்களைப் படிப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மந்திரம் அறிந்த பெண்ணை நாயகியாகக் கொண்ட ஆங்கிலக் காதல் நாவல்கள் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கல்லூரி மாணவிகளிடமும் இல்லத்தரசிகளிடமும் இப்போது தாராளமாகக் கைமாறி வருகின்றன. எங்கள் வாசகர் வட்டத்தில் இந்நூல்களை வாங்கிச் செல்பவர்கள் திரும்பத் திரும்ப ஒரே ஐயங்களை எழுப்புவதால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னாலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

1. இது பேய்க் கதையா, காதல் கதையாக்கா? கடையில கேட்டா ரெண்டு பக்கமும் கை காட்டறாங்க.

பேய்க் கதை வாசகரை அச்சுறுத்துவதற்காக எழுதப்படுவது. இந்த நாவல்களில் அச்சம் ஆங்காங்கே வந்தாலும், கதையைச் செலுத்துவது இரண்டு பேர் ஒருவரை ஒருவர் நம்பத் தொடங்கும் போக்குதான். ஆங்கிலத்தில் இவ்வகைக்கு 'ரொமான்டசி' என்ற பெயர் பரவி, 2024ஆம் ஆண்டின் சொல்லைத் தேர்ந்தெடுக்க ஆக்ஸ்ஃபோர்டு அகராதிப் பதிப்பகம் வெளியிட்ட குறும்பட்டியலில் இடம்பெறும் அளவுக்கு வளர்ந்துவிட்டது.

வாங்குவதற்கு முன் பின்னட்டையைப் படித்துவிட்டு, அதில் சொல்லப்படும் காதலை மட்டும் மனத்தால் நீக்கிப் பாருங்கள். அதன் பிறகும் போரோ சாபமோ அரியணைச் சண்டையோ தானாக நடந்து முடியும் என்றால், அது காதல் கலந்த மாயக் கதை. காதலை எடுத்தவுடன் கதையே நின்றுவிடும் என்றால், அது மாயம் கலந்த காதல் கதை. இந்த வேறுபாடு முக்கியமானது. காதல் புதினம் என்றால் காதல் மையத்தில் இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும் என்ற இரு நிபந்தனைகளை அமெரிக்கக் காதல் புதின எழுத்தாளர் சங்கம் தன் வரையறையாகவே வைத்திருக்கிறது. மாயக் கதைக்கு அப்படிப்பட்ட உறுதிமொழி எதுவும் இல்லை. அதில் நாயகன் இறந்தும் போகலாம்.

2. எனக்கு இங்கிலீசு சுமாராத்தான் வரும். டிகிரி வரைக்கும் தமிழ் மீடியம். என்னால முடியுமா?

முடியும். ஆனால் முதல் நூலைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். அறுநூறு எழுநூறு பக்கங்களில், சொந்தமாக ஒரு உலகத்தையும் அரச பரம்பரைகளையும் படைத்துக்கொண்டு தொடராக வரும் நூல்களைத் தொடக்கத்திலேயே எடுக்காதீர்கள். இன்றைய காலத்துச் சிற்றூர் ஒன்றில், தேநீர்க் கடையோ மூலிகைக் கடையோ புத்தகக் கடையோ நடத்தும் சூனியக்காரியைப் பற்றி, ஒரே நூலில் முடியும் கதைகள் ஏராளமாக உள்ளன. 'கோசி' என்று குறிப்பிடப்படும் இந்த வகையில் வாக்கியங்கள் சிறியவை, உரையாடல் மிகுதி, பக்கங்களும் பெரும்பாலும் முந்நூற்றைம்பதைத் தாண்டுவதில்லை.

ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைப் புரட்டினால் கதை கையைவிட்டுப் போய்விடும். ஒரு பக்கத்தில் மூன்று முறைக்கு மேல் வரும் சொல்லுக்கு மட்டும் பொருள் பாருங்கள். கிண்டில் செயலியில் சொல்லின் மீது விரலை அழுத்திப் பிடித்தாலே பொருள் வந்துவிடும் என்பதால் பாலக்கோட்டிலிருந்து பேருந்தில் வருபவர்கள்கூட அலைபேசியிலேயே படிக்கிறார்கள். காகித நூலே வேண்டும் என்றால், மாவட்ட மைய நூலகத்தின் ஆங்கிலப் பிரிவை ஒருமுறை பொறுமையாகத் தேடிவிட்டு, பிறகு புத்தகத் திருவிழாவுக்குக் காத்திருங்கள். ஓசூரில் இருப்பவர்களுக்குப் பெங்களூரு சர்ச் தெருவின் பழைய புத்தகக் கடைகள் எட்டும் தூரத்திலேயே இருக்கின்றன.

3. முதல் அம்பது பக்கம் ஒண்ணுமே பிடிபடல. ஆளு பேரு, குலம் பேரு, மலை பேருன்னு கொட்டிக்கிடக்கு. விட்டுடலாமா?

விட்டுவிடாதீர்கள். புதிய உலகைப் படைக்கும் எழுத்தாளர்கள் அறிமுகப்படுத்தும் பெயர்கள் அனைத்தையும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. தேவையானவை திரும்ப வரும். முதல் ஐம்பது பக்கங்களில் நீங்கள் தேட வேண்டிய செய்திகள் மூன்றுதான்: நாயகிக்கு என்ன சக்தி இருக்கிறது, அதைப் பயன்படுத்தினால் அவள் எதை இழக்கிறாள், அவளைக் கண்டு யார் அஞ்சுகிறார்கள். ஒரு துண்டுத் தாளில் இம்மூன்றையும் தமிழில் எழுதி நூலுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றில் இரண்டாவதுதான் இந்த நாவல்களின் உயிர்நாடி என்பது என் உறுதியான கருத்து. மந்திரத்துக்கு விலை இருக்கும் கதையில்தான் காதலுக்கும் எடை வரும். ஒவ்வொரு மந்திரத்துக்கும் தன் நினைவுகளில் ஒன்றைக் கொடுக்க வேண்டிய பெண் காதலிக்கத் தொடங்கினால், அடுத்த மந்திரத்தில் எந்த நினைவு போகும் என்ற கேள்வி ஒவ்வொரு பக்கத்திலும் நம்மோடு வருகிறது. விரலைச் சொடுக்கினால் எல்லாம் நடக்கும் என்றால் அவளுக்கு எதிலும் இழப்பில்லை, நமக்கும் அக்கறை பிறப்பதில்லை. நூறு பக்கம் கடந்தும் அந்த விலை என்ன என்று தெரியவில்லை என்றால், அப்போது தாராளமாக மூடி வைக்கலாம்.

4. கோவன், கிரிமாயர், ஃபெமிலியர், வார்டுனு வந்துட்டே இருக்கே, இதெல்லாம் என்ன?

கோவன் என்பது சூனியக்காரிகளின் கூட்டம். சில நூல்களில் அது குடும்பம் போலவும், சிலவற்றில் கட்டுப்பாடுகள் நிறைந்த சபை போலவும் வரும். கிரிமாயர் என்பது மந்திரங்களும் செய்முறைகளும் எழுதப்பட்ட ஏடு. அது பெரும்பாலும் பாட்டியிடமிருந்து பேத்திக்கு வருவதாக இருக்கும். ஃபெமிலியர் என்பது அவளோடு திரியும் பூனை, ஆந்தை, தேரை போன்ற உயிர். பழைய இங்கிலாந்து வழக்குகளில் அதைச் சாத்தான் அனுப்பிய ஏவலாள் என்று குற்றம் சாட்டினார்கள். இன்றைய நாவல்களில் அது பெரும்பாலும் நாயகியிடம் உண்மையை முகத்துக்கு நேரே சொல்லும் தோழியாக மாறிவிட்டது. வார்டு என்பது வீட்டைச் சுற்றிப் போடும் காப்பு.

5. சம்ஹைன், பெல்டேன்னு பண்டிகையா வருது. நமக்கு அந்த மாசக் கணக்கே புரியலையே?

முதலாவதைச் 'சாவின்' என்று ஒலிக்க வேண்டும். அக்டோபர் 31 இரவு தொடங்கி நவம்பர் 1 வரை நீளும் அந்த நாள், அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பகுதிகளில் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்குவதைக் குறித்தது. இறந்தோர் உலகுக்கும் நம் உலகுக்கும் இடையிலுள்ள திரை அன்று மெலிந்துவிடும் என்ற நம்பிக்கையால்தான் நாவல்களின் பெரிய சடங்குகள் அந்த இரவில் நடக்கின்றன. பெல்டேன் மே மாதத்தின் முதல் நாள், கோடைத் தொடக்கம். அன்று தீ மூட்டி அதன் இடையே கால்நடைகளை ஓட்டுவார்கள். காதல் காட்சிகள் அந்த நாளில் வைக்கப்படுவது தற்செயலானதன்று.

அங்கே டிசம்பரில் பகல் நான்கு மணிக்கே மங்கிவிடும் என்பதையும், பயிர் எதுவும் விளையாத மாதங்கள் உண்டு என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல்லில் புதுப்புனலில் நீராடுபவர்களுக்கு ஆறு பெருகுவது எப்படித் திருநாளாகிறதோ, அப்படித்தான் அவர்களுக்கு வெயில் திரும்பி வருவது. இதைப் புரிந்துகொண்டால் சடங்குக் காட்சிகள் சலிப்பூட்டமாட்டா. ஆண்டுக்கு எட்டுத் திருநாட்கள் என்று சில நூல்கள் ஒரு சக்கரத்தையே காட்டும். அது பழங்காலத்திலிருந்து அப்படியே வந்ததன்று, இருபதாம் நூற்றாண்டில் தொகுத்து வகுக்கப்பட்டது.

6. நெசமாவே அந்தக் காலத்துல சூனியக்காரின்னு சொல்லி எரிச்சாங்களா? எல்லா புக்குலயும் வருதே.

உண்மைதான். ஐரோப்பாவில் பதினைந்தாம் நூற்றாண்டு முதல் பதினெட்டாம் நூற்றாண்டு வரை, இன்றைய வரலாற்று ஆய்வாளர்களின் மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 40,000 முதல் 60,000 பேர் வரை இந்தக் குற்றச்சாட்டில் கொல்லப்பட்டார்கள். மிகுதியான கொலைகள் ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் நடந்தன. கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆனால் ஐஸ்லாந்திலும் பிரான்சின் நார்மண்டியிலும் ஆண்களே மிகுதி. சில நாவல்களில் தொண்ணூறு லட்சம் பெண்கள் எரிக்கப்பட்டார்கள் என்று வருவதுண்டு. 1784ஆம் ஆண்டில் ஒரு ஜெர்மன் அறிஞர் தவறாகப் போட்ட கணக்கு அது. அதை நம்ப வேண்டாம்.

எரித்தது எல்லா இடத்திலும் வழக்கமில்லை. இங்கிலாந்தில் தூக்கிலிட்டார்கள். அமெரிக்காவின் சேலத்தில் 1692ஆம் ஆண்டு நடந்த வழக்குகளில் பத்தொன்பது பேர் தூக்கிலிடப்பட்டார்கள், எண்பது வயதைக் கடந்த ஒரு முதியவர் கற்களை ஏற்றி நசுக்கப்பட்டார், குறைந்தது ஐந்து பேர் சிறையிலேயே இறந்தார்கள். ஒருவரும் எரிக்கப்படவில்லை. ஆகவே சேலத்தில் எரிக்கப்பட்ட மூதாதையைப் பற்றி நாயகி பேசினால், அது எழுத்தாளரின் கற்பனை என்று குறித்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்துச் சேலத்துக்கும் அதற்கும் பெயர் ஒற்றுமையைத் தவிர வேறு தொடர்பில்லை. இதையும் பலர் கேட்டுவிட்டார்கள்.

குற்றச்சாட்டு எப்படிப் பிறந்தது என்பதுதான் கதையைப் புரிந்துகொள்ள உதவும் பகுதி. பசுவின் பால் வற்றியது, குழந்தை நோயில் விழுந்தது, ஆலங்கட்டி மழையில் திராட்சைத் தோட்டம் அழிந்தது என ஒரு இழப்பு நேரும். அதற்கு முன் அண்டை வீட்டுக் கிழவியோடு வாய்ச்சண்டை நடந்திருக்கும். இரண்டையும் ஊர் முடிச்சுப் போடும். பிறகு நீதிமன்றம் வதைத்துக் கேட்கும், வலி தாங்காமல் அவள் வேறு பெயர்களைச் சொல்வாள், பட்டியல் நீளும். பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சிகளையே குறிவைத்து ஒழித்தார்கள் என்று நாவல்கள் சொல்வதற்கு வழக்குப் பதிவுகளில் வலுவான ஆதாரம் இல்லை.

7. அப்புறம் எப்படி நின்னுச்சு? இப்ப அங்க தைரியமா சூனியக்காரின்னு சொல்லிக்கிறாங்களே?

பிரிட்டன் 1735ஆம் ஆண்டு இயற்றிய சட்டம் பார்வையையே திருப்பிவிட்டது: சூனியம் செய்வது குற்றம் என்ற நிலை போய், சூனிய சக்தி இருப்பதாக நடித்து மக்களை ஏமாற்றுவது குற்றம் என்றாயிற்று. அச்சட்டமும் 1951ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1954ஆம் ஆண்டு, ஜெரால்டு கார்ட்னர் என்ற ஆங்கிலேயர் தன் நூலின் வழியாக 'விக்கா' என்ற புதிய சமயத்தை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். ஐந்தாம் பதிலில் சொன்ன எட்டுத் திருநாட்கள் இந்தச் சூழலில் உருவானவை. அதைப் பின்பற்றுவோர் தங்களைச் சூனியக்காரிகள் என்று பெருமையுடன் அழைத்துக்கொள்வதால், நாவல்களில் அவர்களின் வழிபாட்டு முறையும் கற்பனை மந்திரமும் கலந்தே வருகின்றன.

8. இந்த புக்கெல்லாம் வீட்டுல இருந்தா ஆகாதுன்னு எங்க மாமியார் சொல்றாங்க. எப்படிப் பதில் சொல்றது?

தேய்பிறை அஷ்டமிக்கு அதியமான்கோட்டைக் காலபைரவருக்குத் தவறாமல் விளக்குப் போட்டு வருபவர்களின் அச்சத்தை ஏளனம் செய்யாதீர்கள். அவர்கள் அஞ்சுவது காகிதத்துக்கு இல்லை. அட்டையில் மண்டையோடும் கறுப்புப் பூனையும் எரியும் மெழுகுவத்தியும் இருப்பதைப் பார்த்து, உள்ளே இருப்பது ஏதோ செய்முறை என்று எண்ணுகிறார்கள். உள்ளே இருப்பது கதை என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை.

எங்கள் வட்டத்தில் பலருக்கும் பலித்த வழி ஒன்றுண்டு. மாலையில் காய் நறுக்கும் நேரத்தில் அந்தக் கதையைத் தமிழில் அவர்களுக்குச் சொல்லுங்கள். ஏழு கடல் தாண்டி, கூண்டுக் கிளிக்குள் உயிரை ஒளித்து வைத்த மந்திரவாதியின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, இதயத்தைப் பெட்டிக்குள் பூட்டி வைத்த சூனியக்காரியின் கதை விளங்காமல் போகாது. அடுத்த நாள் அவர்களே மீதிக் கதையைக் கேட்கத் தொடங்குவார்கள்.

9. அதுல வர்ற மூலிகை, மந்திரமெல்லாம் செஞ்சு பார்த்தா பலிக்குமா?

மந்திரங்கள் எழுத்தாளர்கள் இயற்றியவை. ஓசைக்காகச் சொற்கள் சேர்க்கப்பட்டிருக்கும். மூலிகைகளின் நிலை வேறு. அவற்றில் பல உண்மையான செடிகள், சில கொடிய நஞ்சு. நாவல்களில் அடிக்கடி வரும் பெல்லடோனாவிலும் மாண்ட்ரேக்கிலும் உள்ள நச்சுப் பொருள்கள், நம் சாலையோரங்களில் வளரும் ஊமத்தையில் இருப்பவற்றோடு ஒரே இனத்தைச் சேர்ந்தவை. பிதற்றலையும் நெஞ்சுப் படபடப்பையும் உண்டாக்கி உயிரையே பறிக்கக் கூடியவை. ஃபாக்ஸ்கிளவ் என்ற செடியை வில்லியம் விதரிங் என்ற ஆங்கில மருத்துவர் 1785ஆம் ஆண்டு தன் நூலில் இதய நோய் மருந்தாக விளக்கினார். ஆனால் மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையில் அதில் உள்ள இடைவெளி மிகச் சிறியது.

அங்கே அந்த மூலிகை கிடைக்காததால் இங்கே ஊமத்தையைப் பயன்படுத்தலாமா என்று ஒரு மாணவி கேட்டதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். கூடாது. முகர்ந்துகூடப் பார்க்க வேண்டாம். ரோஸ்மேரித் தேநீர், லாவெண்டர்ப் பை போன்றவற்றைச் செய்து பார்ப்பதில் தவறில்லை.

10. பொண்ணுக்குப் பதினாலு வயசாகுது, கேக்கறா. குடுக்கலாமா?

அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இப்போது வரும் அட்டைப் படங்கள் ஓவியங்களாகவும் பூக்களாகவும் இருப்பதால் சிறுவர் நூல் போலத் தோன்றும். உள்ளே படுக்கையறைக் காட்சிகள் பக்கம் பக்கமாக இருக்கலாம். ஆங்கில வாசகர்கள் அதைக் காரம் என்ற பொருளில் 'ஸ்பைஸ்' என்று சொல்லி, மிளகாய்ப் படங்களால் அளவைக் குறிக்கிறார்கள். வாசகர் மதிப்புரைகளில் அந்தக் குறியைத் தேடுங்கள். இளம் வாசகர்களுக்கு என்று தனியாகக் குறிக்கப்பட்ட நூல்கள் பெரும்பாலும் முத்தத்தோடு நின்றுவிடும்.

நீங்கள் முதலில் படித்துவிட்டுக் கொடுப்பதே சிறந்தது. உங்களுக்கு ஆங்கிலம் வராது என்றால், மகளையே படித்துக் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். ஒளித்து வைத்துப் படிக்கும் நிலைக்கு அவளைத் தள்ளிவிட்டால், பதினோராவது கேள்வியில் வரும் செய்தியை அவளோடு பேசும் வாய்ப்பையும் சேர்த்து இழந்துவிடுவீர்கள்.

11. நாயகன் முரடனா இருக்கான், அவளைப் பூட்டி வெக்கறான், அப்புறம் விதிதான் சேர்த்து வெச்சுதுன்னு சொல்றான். இதைப் போயி காதல்னு எப்படிங்க ஒத்துக்கறது?

ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. இந்த வகை நாவல்களில் பகைவர்கள் காதலர்களாக மாறுவதும், பிறவியிலேயே ஒருவருக்கொருவர் என்று மாயத்தால் பிணைக்கப்பட்டிருப்பதும் மிகவும் விரும்பப்படும் கதைப் போக்குகள். இரண்டையும் நன்றாகவும் எழுதலாம், மோசமாகவும் எழுதலாம். பகைமை நன்றாக எழுதப்பட்டால், இருவரும் சம வலிமையுடன் மோதிக்கொள்வார்கள். ஒருவர் மற்றவரின் நியாயத்தை மெல்ல மெல்லக் காண்பார்கள். ஒருவர் கையில் சாவியும் மற்றவர் காலில் சங்கிலியும் இருக்கும் இடத்தில் நடப்பது மோதல் அன்று, அடக்குமுறை.

மாயப் பிணைப்புக்கு நான் வைக்கும் சோதனை ஒன்றே. அந்தப் பிணைப்பை அறுக்கும் வழி கதைக்குள் இருக்கிறதா, அதை அறுக்கும் வாய்ப்பு அவளுக்குக் கிடைக்கிறதா? அறுத்த பின்னும், அல்லது அறுக்கலாம் என்று தெரிந்த பின்னும், அவள் தானாக அவனிடம் வந்தால் அங்கே காதல் இருக்கிறது. காதல் மருந்தைப் பற்றிய கதைகளுக்கும் இதே அளவுகோல்தான்: மருந்தின் மயக்கத்தில் கிடைத்த சம்மதத்தைச் சம்மதமாக எண்ணும் நாவலை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை, அது எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும்.

12. தொடர்கதையா மூணு நாலு பாகம் வருது. முதல் பாகம் பாதியிலயே அந்தரத்துல நிக்குது. எல்லாத்தையும் வாங்கணுமா?

இரண்டு விதமான தொடர்கள் உள்ளன. ஒரே இணையின் கதை எல்லாப் பாகங்களிலும் நீள்வது ஒன்று; அதை வரிசையாகத்தான் படிக்க வேண்டும், முதல் பாகம் பெரும்பாலும் நெருக்கடியான இடத்தில் நிறுத்தப்படும். ஒரே ஊர், ஒரே குடும்பம், ஆனால் ஒவ்வொரு பாகத்திலும் வேறொரு சகோதரியின் காதல் என்பது மற்றொன்று. அதில் எந்தப் பாகமும் தனியாக நிறைவு பெறும். கைச்செலவைக் கட்டுப்படுத்த வேண்டியவர்கள் இரண்டாவதை எடுக்கலாம். முதலாவதை எடுப்பவர்கள், எல்லாப் பாகங்களும் வெளிவந்து முடிந்தனவா என்று பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

13. கடைசியில அவ சக்தியெல்லாம் விட்டுட்டு அவனைக் கட்டிக்கறா. படிச்சு முடிச்சதும் மனசு கனமாயிடுச்சு. நான்தான் தப்பா படிச்சனா?

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். மூன்றாம் பதிலில் சொன்ன விலை இங்கேதான் கணக்குக்கு வருகிறது. ஊர் அஞ்சிய ஒன்றை, ஊருக்காகவோ அவனுக்காகவோ அவள் துறந்துவிட்டால், நானூறு பக்கங்களாக அவளை விரட்டியவர்கள் விரும்பியதே நடந்துவிடுகிறது. திருமணத்துக்குப் பின் வேலையை விட்ட பெண்கள் எங்கள் வட்டத்தில் பலர் இருக்கிறார்கள். இந்த முடிவைப் பற்றிப் பேச்சு எழுந்தபோது யாரும் அதை வெறும் கற்பனையாகப் பேசவில்லை.

அதே நேரத்தில், எல்லாத் துறவும் தோல்வியாகிவிடாது. அந்த சக்தி அவளை வதைத்துக்கொண்டிருந்ததா, அவளே அதிலிருந்து விடுபட விரும்பினாளா, அவள் கொடுத்ததற்கு ஈடாக அவனும் எதையாவது கொடுத்தானா என்று பாருங்கள். அவன் தன் அரியணையையோ சாவாமையையோ துறக்க, அவள் தன் மந்திரத்தின் ஒரு பகுதியைத் துறக்கும் முடிவுகள் மனத்தில் நிற்கின்றன. என்னைக் கேட்டால், அவளுடைய சக்தி குறையாமலே அதன் அருகில் அஞ்சாமல் நிற்க அவன் கற்றுக்கொள்ளும் நாவல்தான் இவ்வகையின் உச்சம். நூலைக் கையில் எடுக்கும் ஒவ்வொருவரிடமும் இதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

14. நம்ம பக்கத்துலயும் கோடாங்கி, குறி சொல்றவங்க, மந்திரிச்ச கயிறு எல்லாம் இருக்கே. ரெண்டும் ஒண்ணுதானா?

சில நம்பிக்கைகள் வியப்பூட்டும் அளவுக்கு ஒத்துப்போகின்றன. இங்கே முச்சந்தியில் திருஷ்டி கழிக்கிறோம். அங்கேயும் பாதைகள் கூடுமிடம் மந்திரத்துக்கு உரியது. பிள்ளை பெற்றவள் அருகில் இரும்பு வைப்பது நம் வழக்கம். ஐரோப்பிய நாட்டார் கதைகளில் தீய சக்திகள் இரும்பைக் கண்டு விலகுகின்றன. உப்பைச் சுற்றிப் போடுவது இரு பக்கமும் உண்டு. ஆந்தை அலறினால் இங்கேயும் முகம் சுளிக்கிறார்கள்.

ஆனால் உடுக்கை அடித்துக் குறி சொல்பவர் இங்கே தெய்வத்தின் பெயரால் பேசுகிறார், ஊர் கூடிக் கேட்கிறது, பெரும்பாலும் அவர் ஆண். நாவலின் சூனியக்காரி தன் சொந்த சக்தியால் செய்கிறாள், ஒளிந்து செய்கிறாள், அவளுக்குப் பின்னால் ஆறாம் பதிலில் சொன்ன வரலாறு நிற்கிறது. ஒன்றின் நிழலில் மற்றொன்றைப் படித்தால் இரண்டையும் தவறவிடுவோம்.

15. நம்ம நாட்டுலயே பொம்பளைங்கள சூனியக்காரின்னு அடிச்சுக் கொல்றாங்கன்னு செய்தியில வருது. அப்படியிருக்க இதைக் காதல் கதையா ரசிக்கறது சரியாங்க?

இந்தக் கேள்வியைக் கேட்ட ஆசிரியைக்கு உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை, பல வாரங்கள் இதைப் பேசியிருக்கிறோம். பீகார் 1999ஆம் ஆண்டும், ஜார்க்கண்ட் 2001ஆம் ஆண்டும், சத்தீஸ்கர் 2005ஆம் ஆண்டும், ஒடிசா 2013ஆம் ஆண்டும் பெண்களைச் சூனியக்காரி என்று முத்திரை குத்துவதைத் தடுக்கத் தனிச் சட்டங்கள் இயற்ற வேண்டியிருந்தது. ராஜஸ்தானும் அசாமும் பின்தொடர்ந்தன. ஓசூரைத் தாண்டினால் வரும் கர்நாடகத்திலும் மனிதத்தன்மையற்ற சடங்குகளுக்கும் பில்லி சூனியத்துக்கும் எதிரான சட்டம் 2017ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. ஜார்க்கண்டில் அப்படி முத்திரை குத்தப்பட்டுத் துன்புற்று, பின்னர் பிற பெண்களைக் காக்கப் போராடிய சுட்னி மஹதோவுக்கும், அசாமில் இதே போராட்டத்தை நடத்திய பிருபாலா ராபாவுக்கும் 2021ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அங்கே குற்றச்சாட்டுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு நோய், அல்லது கைம்பெண்ணின் நிலத்தின் மீது உறவினரின் கண்.

அந்தப் பெண்களிடம் மந்திரம் எதுவும் இல்லை. நாவலின் நாயகியிடம் இருக்கிறது. வேறுபாடு இதுதான், ஆபத்தும் இங்கேதான். குற்றம் சாட்டப்பட்டவள் உண்மையிலேயே சக்தி உடையவள் என்று கதை சொல்வதால், ஊரின் சந்தேகம் சரியே என்ற எண்ணம் நம்மை அறியாமல் புகுந்துவிடக் கூடும். ஆகவே படிக்கும்போது கதையின் மந்திரத்தைக் கற்பனையாகவும், கதையின் ஊரை உண்மையாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் எப்படி வதந்தியை வளர்க்கிறது, யார் முதலில் விரல் நீட்டுகிறார்கள், அவளுடைய வீடும் நிலமும் யாரிடம் போகின்றன என்ற பகுதிகளை நன்றாக எழுதிய நாவலை ரசிப்பதில் எனக்கு எந்தக் குற்றவுணர்வும் இல்லை. வதைக் காட்சியை நாயகனின் வீரத்தைக் காட்டும் மேடையாக மட்டும் பயன்படுத்தும் நாவலை நான் பாதியில் மூடியிருக்கிறேன்.

16. எனக்கும் இப்படி ஒண்ணு தமிழ்ல எழுதணும்னு ஆசை. நம்ம மாவட்டத்துல நடக்கற மாதிரி எழுதலாமா?

எழுதுங்கள். ஓக் மரமும் பனிக்காடும் வேண்டாம். சித்தேரி மலைச் சரிவும், மல்லச்சந்திரத்துக் கற்திட்டைகளும், ஊர் எல்லையில் நிற்கும் நடுகற்களும் மாயக் கதைக்குப் போதுமான நிலம். பண்டிகைக் கணக்கையும் இங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம்: புளி உலுக்கும் பங்குனி, மா காய்த்துக் குலுங்கும் கோடை, கேழ்வரகு அறுக்கும் மாதம். கோடாங்கியையும் குலதெய்வத்தையும் கதைக்குள் கொண்டுவந்தால், அவற்றை இன்றும் நம்பி வழிபடுவோர் படிப்பார்கள் என்பதை நினைவில் வைத்து எழுதுங்கள். வில்லிக்கு எந்தச் சாதியின் அடையாளத்தையும் ஒட்டாதீர்கள்.

பெயரும் முதல் சந்திப்பும் பின்னால் வரட்டும். நாயகியின் மந்திரம் அவளிடம் எதைக் கேட்கிறது என்பதை முதலில் முடிவு செய்து ஒரே வரியில் எழுதி வையுங்கள். அதன் பிறகு, அந்த வரியைப் படித்துவிட்டும் அவளை நேசிக்கக் கூடியவன் எப்படிப்பட்டவனாக இருப்பான் என்று யோசியுங்கள். எழுதிய முதல் அத்தியாயத்தை எங்கள் வட்டத்துக்குக் கொண்டு வாருங்கள், உட்கார்ந்து படிப்போம்.